வைப்பாறு போய்ச் சேரும் கடல்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் பெய்கிற மழை முதலில் அய்யனார் கோவில் ஆற்றில் இறங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் பெய்வது பிளவக்கல் அணைகளில் சேர்ந்து, அங்கிருந்து அர்ச்சுனா நதியாகப் புறப்படுகிறது. வழியெங்கும் இருக்கிற கண்மாய்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடி, விளாத்திகுளத்தைத் தாண்டி, வைப்பார், சிப்பிகுளம் ஊர்களுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ராஜபாளையத்திலிருந்து அந்த முகத்துவாரம் நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கலங்கல் வெள்ளம் கடல்வரை போகும். போய்ச் சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. கடலுக்குள் ஒலி செல்லும் வழியை அந்த வெள்ளம் மாற்றுகிறது.

மலையிலிருந்து இறங்கும் காற்றும் அப்படித்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் மேல்காற்று சமவெளியைத் தாண்டி, கயத்தாற்றின் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தூத்துக்குடிக் கடலில் போய் விழுகிறது. கடலோர மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் அடிக்கும் மாதத்தில் கடலுக்குள் கேட்கிற ஒலி வேறு, வாடை வீசும் மாதத்தில் கேட்பது வேறு. கடலைப் பார்க்காமலேயே வாழ்ந்து முடிக்கிற மலையடிவார ஊர்களுக்கும் கடலடி ஒலிக்கும் உள்ள இந்த உறவை நம் பாடநூல்கள் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கடலுக்குள் தூரத்தில் இருப்பதை அறிய ஒலிக்கு நிகரான வழி கிடையாது. மிகத் தெளிந்த கடலில்கூட 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் பேருக்குத்தான் இருக்கும். கலங்கிய கடலோரத்தில் கைக்கெட்டும் தூரமே மறைந்துவிடும். வானொலி அலையை உப்புநீர் விழுங்கிவிடும். நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காகவே அமைந்தது. அங்கே 400 மீட்டரைத் தாண்டிய கோபுரங்கள் நிற்கின்றன. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலையை அவ்வளவு பெரிய ஏற்பாட்டோடு அனுப்பியும், அது கடல்பரப்புக்குக் கீழே சில பத்து மீட்டருக்கு மேல் இறங்காது. ஒலியின் கதை நேர்மாறானது. 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடிக்கவைத்த வெடியின் ஓசை, ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் கடந்து, மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அட்லாண்டிக் கடலின் பெர்முடாத் தீவில் கேட்டது.

ஆனால் அது ஆழ்கடல். பல நூறு மீட்டர் ஆழத்தில், மேலே பரப்பையும் கீழே தரையையும் தொடாமல் ஒலி போவதற்கு அங்கே இயற்கையாகவே ஒரு தடம் இருக்கிறது. கடலோரத்தில் அந்த வசதி கிடையாது. மன்னார் வளைகுடாவின் கரையோரத்தில் ஆழம் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர்வரைதான். பாக் நீரிணையை ஒட்டிய பாக் விரிகுடா இன்னும் ஆழம் குறைந்தது, பல இடங்களில் 10 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஒலி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பலமுறை அலையில் மோதும், தரையில் மோதும், சூடான நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாறிமாறி நுழையும். கடலோர ஒலியியல் கடினமான துறையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் வேகம். காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நீரில் எவ்வளவு என்று 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் அளந்தார்கள். ஒரு படகில் நீருக்கடியில் மணியை அடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். பல கிலோமீட்டர் தள்ளி நின்ற இன்னொரு படகில் இருந்தவர் வெளிச்சத்தைக் கண்டதும் கடிகாரத்தை ஓடவிட்டு, நீருக்குள் நட்ட குழாயில் காதை வைத்துக் காத்திருந்தார். கிடைத்த விடை நொடிக்கு 1,435 மீட்டர். உப்புக்கடலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். மன்னார் வளைகுடாவில் 28 டிகிரி வெப்பமும் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பும் உள்ள நீரில் நொடிக்கு சுமார் 1,541 மீட்டர்.

இந்த எண் நிலையானதல்ல. நம் கடலின் வெப்பத்தில் ஒரு டிகிரி ஏறினால் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் கூடும். உப்பு ஆயிரத்துக்கு ஒரு பங்கு குறைந்தால் ஒரு மீட்டர் குறையும். ஆழம் 100 மீட்டர் கூடினால் 1.7 மீட்டர் ஏறும். 1,541இல் இரண்டும் ஒன்றும் எம்மாத்திரம் என்று தோன்றலாம். வேகம் எவ்வளவு என்பதைவிட, மேலே உள்ள நீருக்கும் கீழே உள்ள நீருக்கும் வேகத்தில் வித்தியாசம் உண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் ஒலி நேராகப் போகாது. வேகம் குறைந்த பக்கமாக வளையும்.

இது ராஜபாளையத்துக்காரர்கள் காதால் அறிந்த விஷயம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த ஊரின் பொழுது மில் சங்கோடு சேர்ந்தே விடிந்தது. நடுப்பகலில் ஊதும் சங்கைவிட, விடிவதற்கு முன் ஊதும் சங்கு வயல்வெளியைத் தாண்டித் தொலைவில் உள்ள கிராமத்திலும் தெளிவாகக் கேட்கும். இரவின் அமைதி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்றின் அடுக்கு. பகலில் தரை சுட்டு, தரையோரக் காற்று சூடாகிறது. மேலே குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. எனவே சங்கொலி மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்துவிடுவதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையோடு ஓடுகிறது.

கடலில் சூடு மேலிருந்து வருவதால் எல்லாம் தலைகீழ். சித்திரையில் காற்று அடங்கிய நாளில் வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. மேற்பரப்புக்கும் 20 மீட்டர் ஆழத்துக்கும் இடையே 3 டிகிரி வித்தியாசம் ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் ஆழத்தில் படகின் அடியிலிருந்து கிடையாக அனுப்பிய ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்து, கணக்குப் பார்த்தால் சுமார் 400 மீட்டருக்குள் அடித்தரையில் போய் முட்டிவிடும். அதற்கு அப்பால் மேல்நீரில் மிதக்கும் எதன்மீதும் அந்தக் கற்றை நேரடியாகப் படாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு படகு இருந்தாலும் ஒலிக்கருவிக்கு அது இல்லாததுதான்.

அமெரிக்கக் கடற்படை இந்தப் பாடத்தைக் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவுக்கு அருகே கற்றது. 1930களில் செம்ஸ் என்ற கப்பலின் ஒலிக்கருவி காலையில் நன்றாக வேலை செய்தது. மதியத்துக்கு மேல் நீர்மூழ்கியைக் கோட்டைவிட்டது. வெப்பநாட்டு உச்சி வெயிலில் கருவியை இயக்குபவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள் என்றுகூட எண்ணினார்கள். வுட்ஸ் ஹோல் ஆய்வுநிலையத்தின் அட்லாண்டிஸ் கப்பல் 1937இல் அங்கே சென்று நீரின் வெப்பத்தை அளந்தபோது, மதிய வெயில் மேல்நீரின் சில மீட்டரைச் சூடாக்கி ஒலியைக் கீழே வளைத்தது தெரியவந்தது. மனிதர்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்த ஒரு குறைக்குக் காரணம் சூரியன். அதே ஆண்டுகளில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ், ஓடும் கப்பலிலிருந்தே ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் அது கப்பலுக்குக் கப்பல் போயிற்று.

இந்தியாவில் இந்த அளவீட்டைக் கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகம் செய்கிறது. போர்க்கப்பல்களுக்கான ஒலிக்கருவிகளை உருவாக்கும் அந்த ஆய்வகத்துக்காகவே 1994இல் ஐ.என்.எஸ். சாகர்த்வனி என்ற கப்பல் பணியில் சேர்ந்தது. கடலின் ஓசை என்று பொருள்படும் அந்தப் பெயர் கப்பலின் பணிக்குப் பொருத்தமானது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 1993இல் தொடங்கப்பட்டது, ஆழம் குறைந்த கடலின் பின்னணி ஓசையை நீரடி ஒலிவாங்கிகளைக் கொண்டு பதிவு செய்து வருகிறது.

இப்போது வைப்பாற்றின் வெள்ளத்துக்கு வருவோம். மழைநீர் உப்பில்லாதது, எடை குறைந்தது. கடலில் சேர்ந்ததும் உடனே கலந்துவிடாமல் உப்புநீரின்மேல் படலமாக விரிகிறது. மேல்படலத்தில் உப்பு ஆயிரத்துக்கு 35இலிருந்து 25ஆகக் குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 10 மீட்டர் குறையும். சித்திரை வெயில் கட்டிவைத்த அடுக்கு இப்போது கவிழ்ந்துவிடுகிறது. வேகம் குறைந்த நீர் மேலே, வேகம் மிகுந்த நீர் கீழே. ஒலி மேல்நோக்கி வளைந்து, பரப்பில் மோதித் திரும்பி, மறுபடி மேலே வளைந்து, அந்தப் படலத்துக்குள்ளேயே சிறைப்பட்டு ஓடும். தரையில் மோதி வலுவிழக்கும் நட்டம் அதற்கு இல்லை.

வைப்பாறு சிறிய ஆறு. அதன் வெள்ளம் முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டரைத்தான் மாற்றும். அதே பருவத்தில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டிய நன்னீரால் வங்காள விரிகுடாவின் வடக்கில் உப்புக் குறைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் அந்த நீரைக் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்து வருகிறது. இலங்கையைச் சுற்றியும் பாக் விரிகுடா வழியாகவும் அது மன்னார் வளைகுடாவுக்கு வந்து சேரும். அதனால் மார்கழியில் தூத்துக்குடிக்கு அப்பால் ஓர் ஓங்கல், அதாவது டால்பின், சீட்டியடித்தால், அந்தச் சீட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதில் வங்காளத்தில் பெய்த மழைக்கும் பங்கு உண்டு, வத்திராயிருப்பில் பெய்த மழைக்கும் பங்கு உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளையும் தண்டவாளத்தையும் அடித்துச் சென்ற தாமிரபரணி வெள்ளத்தை நாம் கரையிலிருந்து பார்த்தோம். அந்த நீர் முழுவதும் போய்ச் சேர்ந்தது இதே வளைகுடாவில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. மெல்லிய நீர்ப்படலம் எல்லா ஒலியையும் பிடித்துவைக்காது. 10 கிலோஹெர்ட்ஸ் சீட்டியின் அலைநீளம் ஒரு சாண்கூட வராது. அது படலத்துக்குள் அடங்கும். கப்பல் எந்திரத்தின் 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 15 மீட்டர். ஐந்து மீட்டர் படலம் அதற்குப் போதாது. படலம் இருப்பதே அந்த உறுமலுக்குத் தெரியாது. அதன் போக்கைத் தீர்மானிப்பது அடித்தரை.

அடித்தரைக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கை 1948இல் சைம் பெக்கரிஸ் எழுதி வெளியிட்டார். ஆழம் குறைந்த கடலில் நீர் ஒரு குழாய்போல் ஆகிவிடுகிறது, குழாயின் உயரத்துக்குப் பொருந்தாத நீளமான அலை அதற்குள் ஓட முடியாது என்பது அவர் கண்ட சாரம். நம் கடலுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழம் 10 மீட்டர், அடியில் மணல், மணலில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,700 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், சுமார் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி அந்தக் கடலில் தூரம் போகாது. தரைக்குள் கசிந்துவிடும். பெரிய கப்பலின் மிகத் தாழ்ந்த உறுமல் ஆழமான மன்னார் வளைகுடாவில் பல கிலோமீட்டர் பரவும். பாக் விரிகுடாவின் மேட்டுக்கடலுக்குள் நுழைந்தால் தேய்ந்துபோகும்.

தரை மணலா சேறா என்பதும் பெரிய விஷயம். மணலில் ஒலியின் வேகம் நீரைவிடக் கூடுதல் என்பதால், 25 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் வந்து விழும் ஒலியை மணல்தரை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பும். இளகிய சேற்றில் வேகம் நீரைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அங்கே விழும் ஒலி உள்ளே போய்விடும். முத்தும் சங்கும் குளித்தவர்கள் மன்னார் வளைகுடாவின் தரையைப் பார் (பாறைத்திட்டு) என்றும் மணல் என்றும் சேறு என்றும் பிரித்து அறிந்துவைத்திருந்தார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, எங்கே மணல் தொடங்குகிறது என்பது அவர்களுக்குப் பிழைப்பு. ஒலியியல் நிபுணர் ஒருவர் இந்தக் கடலுக்கு வந்தால் முதலில் கேட்கவேண்டிய வரைபடமும் அதுதான். குளியாட்களின் அறிவை எழுதிவைத்து, அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்கள் தாமதிக்காமல் செய்யவேண்டும். அந்தத் தலைமுறை மூப்படைந்துகொண்டிருக்கிறது.

ஒலி போகும் வழி ஒருபுறம் இருக்க, ஏற்கெனவே அங்கே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பது மறுபுறம். அமைதியான கடல் என்று நாம் சொல்வது கரையில் நின்றுகொண்டு. கச்சான் அடிக்கும்போது அலை உடைந்து, காற்றுக் குமிழ்கள் நீருக்குள் போகின்றன. ஒவ்வொரு குமிழும் பிறந்த கணத்தில் ஒரு மணிபோல் அதிர்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் என்று 1933இல் மின்னார்ட் கணக்கிட்டார். கோடிக்கணக்கான குமிழ்களின் கூட்டொலிதான் கடலின் இரைச்சல். காற்றின் வேகம் இருமடங்கானால் அந்த இரைச்சல் ஏறக்குறைய 5 டெசிபல் கூடும் என்பது கடல் ஒலியியலின் பழைய கணக்கு. செங்கோட்டைக் கணவாயின் வாய் எவ்வளவு அகலம் என்பதுகூட இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

குமிழ்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. நீரில் ஒலியின் வேகம் 1,500 மீட்டர், காற்றில் 340. இரண்டும் கலந்தால் இடையில் ஏதோ ஒரு எண் வரும் என்று எதிர்பார்ப்போம். நூற்றில் ஒரு பங்கு காற்று, குமிழ்களாக நீரில் கலந்தால் வேகம் நொடிக்கு நூறு மீட்டரை ஒட்டி விழுந்துவிடுகிறது, தனிக்காற்றில் உள்ளதைவிடக் குறைவு. குமிழ் எளிதில் நசுங்கும், நீர் எடை மிகுந்தது. நசுங்குவது ஒன்று, அசைக்கவேண்டியது இன்னொன்று என்று ஆகிவிடுவதால் ஒலி தள்ளாடுகிறது. அலை உடையும் கரையோரப் பட்டை ஒலிக்கு ஒரு சுவராகிவிடுவது இதனால்தான்.

மழையும் ஒலிக்கிறது. மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு ஏறுவதையும் சங்குபோல் அதிர்வதையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் பாடினாள். அந்த நீர் திரும்ப இறங்கும்போது கடலுக்குள் எழும் ஓசையை 1980களின் இறுதியில் ஆய்வுக்கூடங்களில் துளித்துளியாகப் படம்பிடித்தார்கள். துளி நீரில் மோதும் சத்தம் சிறியது. மோதியபின் ஏற்படும் குழியின் அடியில் ஒரு சிறு குமிழ் அகப்பட்டுக்கொள்கிறது, அதுதான் ஓசையின் பெரும்பங்கு. இதில் வியப்பான செய்தி, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சின்னத் துளிகள் தவறாமல் குமிழைப் பிடிக்கின்றன. சற்றுப் பெரிய துளிகள் பிடிப்பதில்லை. அதனால் நம் மலையடிவாரத்துச் சாரல் போன்ற மெல்லிய தூறல், 15 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கடலைத் தன் அளவுக்கு மீறி நிறைத்துவிடுகிறது. நடுக்கடலில் மழைமானி வைக்க முடியாத இடங்களில், நீருக்கடியில் ஒலிவாங்கியை வைத்து மழையை அளக்கும் முறை இதிலிருந்துதான் பிறந்தது.

பவளப்பாறைகளுக்குப் பக்கத்தில் வேறொரு ஓசை. எண்ணெய்ச் சட்டியில் எதையோ இட்டதுபோன்ற இடைவிடாத பொரிப்பொலி. அதை எழுப்புவது விரலளவுகூட இல்லாத சொடுக்கு இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். அதைப் படாரென்று மூடும்போது நீர் பீய்ச்சி அடித்து, அதன் பின்னால் ஒரு வெற்றிடக் குமிழ் உண்டாகிச் சிதைகிறது. ஓசை கொடுக்கு மோதுவதால் வருவதல்ல, குமிழ் சிதைவதால் வருவது என்பதை 2000இல் அதிவேகப் படக்கருவி கொண்டு நிறுவினார்கள். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடியவர்களுக்கு இந்த இறால் பெரும் தொல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தொல்லையையே வெளிச்சமாக்கிக்கொண்டார்கள். இறால்களின் வெடிப்பொலி பொருள்களின்மேல் பட்டுத் திரும்புவதை வைத்து, கலங்கிய நீருக்குள் படம் காட்டும் கருவியைச் செய்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. வேம்பாருக்கு அருகே உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவுகள் இருக்கின்றன. பாறையின் ஓசையைக் கேட்டுத்தான் மீன்குஞ்சுகள் குடியேறும் இடத்தைத் தேடிவருகின்றன என்று ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் செய்த ஆய்வு 2005இல் காட்டியது. பவளம் செத்த பாறையில் இறாலும் மீனும் குறையும், ஓசையும் குறையும். பிறகு குஞ்சுகளை அழைக்க அங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கடலில் ஒலி மனிதருக்குக் கருவி. விலங்குகளுக்கு அதுவே கண். 1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரி 11ஆம் தேதி மாலையிலிருந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, கல்லாமொழிக் கரையோரத்தில் மறுபடி அதே காட்சி. எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் அலைக்குள் இறங்கி, ஒவ்வொன்றையும் தள்ளியும் கயிறு கட்டிப் படகால் இழுத்தும் ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பிவந்து அதே மணலில் கிடந்தன. நாற்பதுக்கு மேல் இறந்தன. கடற்கரை நெடுக குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பைலட் திமிங்கிலம் ஆழ்கடல்வாசி. சொடுக்கொலிகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி அறிவது. செங்குத்தான பாறைக்கரையில் ஒலி பட்டால் எதிரொலி பலமாகத் திரும்பும். மிக மெல்லச் சரியும் மணற்கரையில் என்ன நடக்கும் என்று 1960களிலேயே டூடோக் வான் ஹீல் என்ற டச்சு ஆய்வாளர் கேட்டார். சரிவான மணலில் ஒலி ஒவ்வொரு மோதலிலும் கரைப்பக்கமாகவே முன்னே தள்ளப்படும். திரும்பி வருவது சொற்பம். அதற்கு அப்பால் உடைகிற அலையின் குமிழ்ப்பட்டை மிச்ச ஒலியை விழுங்கும். போதாததற்கு, கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட், நாம் பேதி உப்பு என்று வாங்குவதே, உயர் அதிர்வெண் ஒலியைத் தின்பதில் பேர்போனது. 100 கிலோஹெர்ட்ஸில் அது கிலோமீட்டருக்கு 30 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும். திமிங்கிலத்துக்கு முன்னால் கரை இருக்கிறது. அதன் ஒலிக்கண்ணுக்கோ திறந்த கடல்தான் தெரிகிறது. மெல்லச் சரியும் மணற்கரைகளில் கூட்டமாக ஒதுங்குவது மிகுதி என்ற உலக அனுபவத்தோடு இது பொருந்துகிறது.

இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. ஒன்று நோயுற்றுக் கரை ஒதுங்கினால் மற்றவை அதன் குரலைத் தேடி வரும். திரும்ப விட்டவை மீண்டும் வந்ததற்கு அந்த விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் இரண்டு பெரிய ஒதுங்கலும் ஜனவரியில், வடகிழக்குப் பருவத்தின் உப்புக் குறைந்த நீர் வந்துசேர்ந்திருக்கும் காலத்தில் நடந்திருக்கின்றன. அந்த நாள்களில் அந்தக் கரையோரத்தில் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் எப்படி இருந்தன என்ற பதிவு கையில் இருந்தால், ஒலி எங்கே வளைந்திருக்கும் என்று வரைந்தே காட்டிவிடலாம். உடற்கூறு ஆய்வுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை நீரின் ஆய்வுக்கும் கொடுக்கவேண்டும் என்பது இதனால்தான்.

அவசரம் இப்போது கூடியிருக்கிறது. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் காற்று கடல்மேலும் வலுவாக வீசுவதால், மன்னார் வளைகுடா இந்தியாவின் சிறந்த கடல் காற்றாலைப் பகுதிகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் நிறுவ உதவும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றாலை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதைக் கடலில் நிறுத்தும் வழக்கமான முறை, பல மீட்டர் விட்டமுள்ள இரும்புத் தூணைத் தரைக்குள் சம்மட்டியால் அறைந்து இறக்குவது. ஒவ்வொரு அறையும் குறைந்த அதிர்வெண்ணில் பேரொலி. அது நீரில் மட்டும் போவதில்லை, தரைக்குள் இறங்கி, தூரத்தில் மறுபடி நீருக்குள் ஏறும்.

ஜெர்மனி தன் கடலில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அறையும் இடத்திலிருந்து 750 மீட்டர் தள்ளி அளந்தால் ஓர் அறையின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. வரம்புக்குள் வைக்க அங்கே பயன்படும் கருவி எளிமையானது. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றித் தரையில் வட்டமாகக் கிடத்தி, அழுத்திய காற்றை அதற்குள் செலுத்துகிறார்கள். தரையிலிருந்து பரப்புவரை குமிழ்த்திரை எழுகிறது. கச்சான் காலத்துக் குமிழ் செய்யும் அதே வேலையை அது செய்கிறது.

ஆனால் ஜெர்மன் எண்ணை அப்படியே எடுத்து நம் கடலில் ஒட்டிவிட முடியாது. குளிர்ந்த வடகடலுக்கும் நம் வெந்நீர்க் கடலுக்கும் அடுக்கு வேறு, தரை வேறு. மணல்தரையில் அறைந்தால் ஒலி வெகுதூரம் துள்ளிப்போகும், சேற்றில் அவ்வளவு போகாது. பாறையாக இருந்தால் இரண்டிலும் சேராத கணக்கு. எந்த இடத்தில் அறைவது என்பதோடு எந்த மாதத்தில் அறைவது என்பதும் சேர்ந்தே முடிவாகவேண்டும். ஆனி முதல் ஆவணிவரை கச்சானின் இரைச்சல் மிகுதி, அலை பெரிது, வேலை நடக்காது. ஐப்பசிக்குப் பின் உப்புக் குறைந்த மேல்படலம் வந்துவிடும், ஓங்கல்களின் சீட்டி தூரம் போகும் காலம் அது, ஜனவரியில் திமிங்கிலக் கூட்டங்கள் ஒதுங்கிய காலமும் அதுவே. மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் கடல் அடங்கியிருக்கும் சில வாரங்கள்தான் மிச்சம். அந்த வாரங்களில் பவளத்தின் நிலை என்ன, வெப்பம் ஏறிப் பவளம் வெளுக்கும் பருவம் தொடங்கிவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். தூணை அறையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், குறைந்தது ஓர் ஆண்டு முழுவதும் வைப்பார் முகத்துவாரத்திலிருந்து மணப்பாடுவரை ஒலிவாங்கிகளும் வெப்பமும் உப்பும் அளக்கும் கருவிகளும் நீருக்குள் இருக்கவேண்டும். அந்த ஆண்டில் ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான்காலமும் கட்டாயம் அடங்கியிருக்க வேண்டும்.